சிவப்புக் காயா, பச்சைக் காயா?

பெருநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகள் ஒரே வீட்டில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால், அஸர் தொழுகைக்குப் பின் அவ்வீட்டில் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று ஆட்டம், மற்றொன்று சண்டை. திருக்கடையூரில் எமது இல்லத்திலும் சென்ற நோன்புப் பெருநாளன்று இரண்டும் ஒருங்கே நடந்தேறின.

திண்ணையில் விரித்திருந்தது ‘சைனீஸ் செக்கர்’ எனப்படும் ஆறுமுனை நட்சத்திரப் பலகை. பெயரில்தான் சீனம் இருக்கிறது. ஆட்டம் பிறந்தது ஜெர்மனியில், 1892-ல். பகடை உருட்டும் வேலை இதில் இல்லை. எனவேதான் எம் வீட்டில் இதற்கு இடம் கிடைத்தது. ஆளுக்குப் பத்துக் கோலிகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாவச் செய்து எதிர்முனைக்குக் கொண்டு சேர்த்தவர் வென்றவர். என் தங்கையின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன், சிவப்புக் கோலிகளுக்கு உரியவன். எதிரே அமர்ந்திருந்த பையனுக்குப் பச்சை.

ஆட்டம் சூடு பிடித்த வேளையில் சிறுவன் ஒரு பச்சைக் கோலியை எடுத்துத் தாவ வைத்தான். “என் காயை எடுக்கிறான்!” என்று ஒரு குரல். சற்று நேரத்தில் மீண்டும் அதே தவறு. மூன்றாம் முறை நேர்ந்தபோது பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து “அழுகுணி ஆட்டம், அழுகுணி ஆட்டம்” என்று கூவத் தொடங்கினர். அவனோ, “மாமா, அது என் காய்தான்” என்று என்னைப் பார்த்துச் சாதித்தான். பெரியவன் என்ற முறையில் நான் தீர்ப்பு வழங்கினேன். பொய் சொல்வது ஒரு குற்றம், அதைப் பெருநாளில் சொல்வது அதனினும் பெரிய குற்றம் என்று கடிந்து, அவனை எழுப்பிவிட்டேன். அவன் அழவில்லை. கிணற்றடியில் போய்த் தனியே அமர்ந்துகொண்டான்.

கோடை விடுமுறையில் அவன் எம்மிடமே தங்கி ஓத வந்தான். சாதாரண முஸ்ஹஃபில் தடையின்றி ஓதும் பிள்ளை அவன். மதரஸாவில் நாங்கள் புதிதாக வாங்கியிருந்தது தஜ்வீது விதிகளை வண்ண எழுத்துகளால் காட்டும் பதிப்பு. நீட்டி ஓத வேண்டிய இடங்கள் அதில் சிவப்பு. குன்னா எனும் மூக்கொலியுடன் ஓத வேண்டிய இடங்கள் பச்சை. மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. இவனுக்கு மட்டும் அந்தப் பிரதியைக் கையில் எடுத்தால் நாவு தடுமாறியது. நீட்ட வேண்டிய இடத்தில் தயங்கினான்; குன்னாவின் இடத்தில் நீட்டினான். “எழுத்தின் நிறத்தைப் பார்த்து ஓது” என்றேன். “எல்லாம் ஒரே நிறமாகத்தானே இருக்கிறது, மாமா” என்றான்.

அப்போதுதான் பெருநாளன்று கேட்ட “என் காய்தான்” என்ற சொல் எனக்கு வேறு விதமாக ஒலித்தது. அவனை வாசலுக்கு அழைத்துச் சென்று, வேலியோரச் செம்பருத்தியைக் காட்டி, எத்தனை பூ இருக்கிறது என்று கேட்டேன். செடியில் ஏழு பூக்கள் இருந்தன. இலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டை மட்டும் எண்ணிச் சொன்னான். மயிலாடுதுறையில் கண் மருத்துவரிடம் காட்டினோம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளை அவன் முன் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். 1917-ல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட சோதனை அது. முதல் அட்டையைச் சரியாகப் படித்தான். அடுத்தவற்றில் எண்ணே இல்லை என்றான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத நிறப்பார்வைக் குறைபாடு என்று மருத்துவர் எழுதித் தந்தார்.

வழிவழி வந்தது

வேதியியலறிஞர் ஜான் டால்டன் தமக்கிருந்த இக்குறைபாட்டைக் குறித்து 1794-ல் மான்செஸ்டர் நகரின் அறிஞர் அவையில் கட்டுரை படித்தார். தம் கண்ணினுள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதாலேயே இவ்வாறு தோன்றுகிறது என எண்ணிய அவர், தாம் இறந்த பின் கண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1844-ல் சோதித்தபோது நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்டிருந்த அக்கண்ணிலிருந்து மரபணுவைப் பிரித்து 1995-ல் ஆராய்ந்தபோதுதான், பச்சை ஒளியை உணரும் அணுக்கள் அவருக்கு இல்லாதிருந்தது தெரியவந்தது.

சிவப்பையும் பச்சையையும் உணர்த்தும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆணுக்கு அது ஒன்றே ஒன்று, தாயிடமிருந்து வருவது. அதில் பழுதிருந்தால் ஈடு செய்ய மற்றொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் பார்வை கெடுவதில்லை. ஆனால் அதைத் தன் மகனுக்கு அவள் கொடுக்கக்கூடும். ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒருவருக்கு இக்குறை உண்டு. நம் நாட்டில் அதனினும் குறைவு. ஆயினும் அறுபது பையன்கள் அமரும் ஒரு மதரஸாவில் ஒருவரேனும் இருக்கக்கூடும் என்று நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

தாயின் வழி வருவதென்றால், சிறுவனின் நன்னாவை, அதாவது என் அத்தாவை நினைக்க வேண்டியதாயிற்று. கொல்லையில் மிளகாய் பழுத்த காலத்தில் பழம் பறித்து வரச் சொன்னால் அத்தா காயும் பழமுமாகக் கூடை நிறையக் கொண்டு வருவார். “இந்த மனுஷருக்கு எதிலும் கவனமே இல்லை” என்று அம்மா ஆயுள் முழுதும் சொல்லி வந்தார். அத்தா ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. ஏன் அப்படி நேர்கிறது என்பதை அறியாமலேயே அவர் மறைந்தார்.

இது நோயன்று; மருந்தும் இல்லை. ஆனால் முன்னரே தெரிந்திருப்பது நல்லது. இரயில் எஞ்சின் ஓட்டுநர் பணிக்கும் கப்பலின் மேல்தளப் பணிக்கும் நிறப்பார்வைச் சோதனை கட்டாயம். 1875-ல் சுவீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் நேர்ந்த இரயில் விபத்துக்குப் பிறகுதான், ஹோல்ம்கிரன் என்ற பேராசிரியர் வண்ணக் கம்பளி நூல்களைப் பிரித்தடுக்கச் சொல்லி இரயில் ஊழியரைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். காரைக்கால், நாகூர் போன்ற நம் கரையோர ஊர்களின் பிள்ளைகள் கப்பல் வேலையை நாடுவது புதிதன்று. பணம் கட்டிப் படித்து முடித்த பிறகு இந்தச் சோதனையில் திருப்பி அனுப்பப்படுவதைவிட, ஒன்பது வயதில் ஒரு கோலிப் பலகை அதைச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

அரசர்கள் ஆடிய நிறங்கள்

கல்லூரியில் வரலாறு பயின்றவன் என்பதால், காய்களுக்கு இந்த நிறங்களை முதலில் இணைத்தவர் யார் என்று அறியும் ஆவல் எனக்கு எழுந்தது. ஆட்டக் காய் தமிழருக்குப் புதிதன்று. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக் காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. ஆனால் காய்களுக்கு நிறம் இட்டுப் பிரித்த கதையில் சதுரங்கத்துக்கும் சொக்கட்டானுக்குமே முதலிடம்.

இந்தியச் சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபுகளிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லீயும், அடுத்த நூற்றாண்டில் பக்தாதின் அஸ்ஸூலியும் அதைக் குறித்து நூல்கள் எழுதினர். (ஆட்டத்தின் சட்டநிலை பற்றி ஒரு வார்த்தை. பகடை ஆட்டத்தை நபிமொழிகள் கண்டித்துள்ளன. சதுரங்கத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பந்தயம் இன்றி, தொழுகையும் தவறாத வரை ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். ஹனஃபிகள் கடுமையாகவே விலக்குவர். தாபியீன்களில் ஒருவரான ஸயீது இப்னு ஜுபைர் அவர்கள் பலகைக்கு முதுகு காட்டி அமர்ந்தே ஆடுவார்கள் என்று அறிவிக்கப்படுவதுண்டு. அவ்வாறு ஆடுபவருக்குக் காயின் நிறமே தேவையில்லை!) அந்நாளைய பலகையில் இன்றுள்ளதுபோல் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இல்லை; வெறும் கோடுகளே. கட்டங்களுக்கு இருநிறம் தீட்டும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது.

காய்களுக்கோ பற்பல நிறங்கள். 1831-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கண்டெடுக்கப்பட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காய்களில் சிலவற்றில் சிவப்புச் சாயம் காணப்பட்டது. ஆக, அங்கே வெள்ளைக்கு எதிரி சிவப்பு. இராஜஸ்தானத்துத் தந்தக் காய்களில் ஒரு படை சிவப்பு, மறுபடை பச்சை. அருங்காட்சியகப் படங்களில் அவற்றைக் கண்டு எத்தனையோ முறை வியந்திருக்கிறேன். இன்று பார்க்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அந்த அரண்மனையில் என் மருமகனைப் போன்ற ஓர் இளவரசன் இருந்திருந்தால், தன் யானையைக் கொண்டே தன் மந்திரியை வெட்டியிருப்பான்.

1849-ல் இலண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டாண்டன் வகைக் காய்கள் ஒரு மரத்தின் வெளிர்நிறத்தையும் கருங்காலியின் கறுப்பையும் எதிரெதிராக நிறுத்தின. அமிர்தசரஸ் தச்சர்கள் இன்றும் உலகெங்கும் அனுப்புவது பெரும்பாலும் அந்த மரபில் கடைந்த காய்களையே. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். பாலத்தில் ஒரு காய்கூட இல்லை. ஆனாலும் எந்த ஆட்டம் என்று யாரும் கேட்கவில்லை. இணை நிறம் என்றால் இவ்வாறு சொல்லாமலே விளங்க வேண்டும்.

சொக்கட்டான் இன்னும் சுவையானது. ஒரே வடிவமுள்ள பதினாறு காய்கள், நான்கு நான்காக ஒரே நிறம் என்று அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் குறித்துள்ளார். அதன் இனமான பச்சிசியில் எதிரெதிரே அமரும் இருவர் ஓரணி. மஞ்சளும் கறுப்பும் ஒரு பக்கம். சிவப்பும் பச்சையும் மறுபக்கம். இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சிவப்பும் பச்சையும் கூட்டாளிகள்! அவ்விரண்டையும் பிரித்தறியாதவன் தவறிப்போய்த் தொட்டாலும் நண்பனின் காயைத்தான் தொடுவான். எதிரியின் காயை அன்று. எதிரணியின் மஞ்சள் எல்லா நிறத்திலும் வெளிறியது, கறுப்பு எல்லாவற்றிலும் இருண்டது. இரண்டுமே அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்நாளில் தெரிந்தே அமைத்தார்களா, தற்செயலா என்பது வேறு. நல்ல அமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே குடும்பத்து ஆட்டமான லூடோவை 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை செய்தபோது கூட்டணி போய்விட்டது, ஆளாளுக்குப் பகை. இன்று கடைத்தெருவில் கிடைக்கும் லூடோ அட்டைகளில் சிவப்பும் பச்சையும் எதிரிகளாகவே அமர்கின்றன.

மங்கிய ஒளியில் ஒரு சோதனை

குறைபாடில்லாத கண்ணும் எப்போதும் நிறங்களைப் பிரிப்பதில்லை. எகிப்தில் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாஸிர்’ எழுதிய இப்னுல் ஹைஸம், அடர்ந்த நிறமுடைய பொருள்கள் ஒளி குன்றிய இடத்தில் இருண்டு தோன்றுவதையும், ஒளி மிகும்போது அவற்றின் நிறம் வெளிப்படுவதையும் எடுத்துக்காட்டினார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் போஹீமியாவின் புர்க்கின்யே ஒரு நுட்பத்தைக் கண்டார். அந்தி மங்க மங்க முதலில் கறுப்பது சிவப்பு. நீலமும் பச்சையும் பின்னரே மறையும்.

கேரம் பலகையை வாசலில் போட்டு ஆடும் வீட்டார் இதை உடனே சோதிக்கலாம். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, நடுவே ஒரே ஒரு சிவப்பு. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-ல் சென்னையிலேயே உருவானது. இருமுறை உலக வாகையரான மரிய இருதயமும், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற நம் காசிமாவும் சென்னையைச் சேர்ந்தவர்கள். போட்டி அரங்கில் பலகைக்கு நேர் மேலே விளக்கு எரியும், அங்கே குழப்பமில்லை. மக்ரிபுக்குச் சற்று முன் திண்ணையில் ஆடிப் பாருங்கள். சிவப்புக் காய் கறுப்புக் கூட்டத்தில் கலந்து நிற்கும். சிவப்பை உணராத கண்ணுடையவருக்கோ நண்பகலிலும் அதே நிலைதான். அவர்களுக்குச் சிவப்பு வெறுமனே வேறு நிறமாகத் தெரிவதில்லை, இருண்டே தெரிகிறது. ஆதலின் சிவப்பையும் கறுப்பையும் எதிரெதிரே நிறுத்துவது, சிவப்பு-பச்சை இணைக்கு அடுத்த தவறு. (தமிழ்நாட்டில் கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் அது ஆட்டமன்று, அரசியல் என்று எம் வீட்டுப் பெரிய பையன் சொல்கிறான். அது வேறு விவகாரம்.)

நிறத்தின் பெயரை விட்டுவிட்டு, அதன் வெளிறலையும் இருளையும் பார்க்க வேண்டும் என்பதே நான் கண்டறிந்தது. கடையில் காய்களை வாங்குமுன் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்கலாம். திருக்கடையூர்க் கோயில் தெருக் கடைகளில், மணிவிழாவுக்கு வரும் வெளியூர்க் கூட்டத்துக்காக விளையாட்டுச் சாமான்கள் குவிந்திருக்கும். அங்கே நின்று நான் படமெடுத்ததைக் கண்டு கடைக்காரர் சந்தேகப்பட்டார். நோக்கத்தைச் சொன்ன பிறகு அவரே பெட்டி பெட்டியாகத் திறந்து வைத்தார். செக்கர் கோலிகளின் சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பல். நீலமும் ஏறக்குறைய அவ்வாறே. மஞ்சளும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்தன. ஆறு நிறம் என்று விற்றது உண்மையில் மூன்றே படிகள்: வெளிர், நடுத்தரம், இருள்.

இரண்டு பேர் ஆட, வெள்ளையும் கறுப்பும் போதும். அழகு வேண்டுமென்றால் மஞ்சளும் கருநீலமும். சிவப்பு-பச்சைக் குறைபாடுடையோர் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே பிரித்தறிகின்றனர். மூவருக்கு வெள்ளை, வான்நீலம், கறுப்பு. நால்வர் இரண்டு அணியாகும்போதுதான் யோசனை வேண்டும். ஓரணியின் இரு நிறங்களும் உறவுபோல் தோன்ற வேண்டும்; எதிரணியினின்று விலகியும் இருக்க வேண்டும். வெளிர்நீலமும் கருநீலமும் ஓரணி, மஞ்சளும் காவியும் மறுவணி என்று வைத்தால், பார்த்த மாத்திரத்தில் யார் யாருக்குத் துணை என்பது விளங்கும். இதிலும் ஒரு குறை உண்டு. அந்தியில் கருநீலமும் காவியும் நெருங்கிவிடுகின்றன. அவ்விரண்டில் ஒன்றுக்கு அடையாளமாக ஒரு கீறல் இட வேண்டும். அதற்கு மேல் ஆட்கள் கூடினால் நிறத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. ஜப்பானிய அறிவியலாளர்களான ஒகாபேயும் இதோவும் எல்லாக் கண்களும் பிரித்தறியும்படி எட்டு நிறங்கள் கொண்ட வரிசையொன்றை வகுத்துள்ளனர். ஊனோ சீட்டாட்ட நிறுவனம் 2017-ல் நிறத்துக்கொரு குறியிட்ட சீட்டுகளை வெளியிட்டது.

இவ்வளவும் தேடிய பிறகுதான், என் நன்னியின் தாயக்கட்டம் நினைவுக்கு வந்தது. பகடைக்குப் பதிலாக அவர்கள் வைத்திருந்தது நான்கு புளியங்கொட்டைகள். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வெண்மையாக்குவார்கள். ஒரு புறம் கருஞ்சிவப்பு, மறுபுறம் வெள்ளை. சிம்னி விளக்கிலும் தப்பாது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிக்குக் கூழாங்கல். பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பல்லாங்குழியில் சோழி. நிறத்தோடு அளவு, வடிவம், தொட்டால் தெரியும் வழவழப்பு எல்லாம் அங்கே சேர்ந்தே இருந்தன. சட்டம் பார்த்துத் தாயத்தை நான் வீட்டினின்று விலக்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தேய்த்த கொட்டையின் அறிவையும் சேர்த்தே விலக்கிவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் சிறுவனும் நானும் அமர்ந்து செக்கர் பலகையைத் திருத்தினோம். வெள்ளைக் கோலிகளையும் கறுப்புக் கோலிகளையும் வைத்துக்கொண்டோம். பச்சைக்குப் பதிலாகப் பத்துச் சோழிகள்; சிவப்புக்குப் பதிலாகத் தையற்காரரிடம் கேட்டு வாங்கிய பெரிய சட்டைப் பொத்தான்கள். குழியில் நன்றாக அமரவில்லை என்று சோழிகளின் முதுகை அவனே கல்லில் தேய்த்தான். மதரஸாவில் அவனுக்குப் பழைய முஸ்ஹஃபையே திருப்பிக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளின் பிரதியில் குன்னாவின் இடங்களுக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு இழுக்கலாமா என்று எண்ணி, வேண்டாமென விட்டுவிட்டேன். தனித்தாளில் எழுதிக் கொடுக்கிறேன். பெருநாளன்று அவனை எழுப்பிவிட்டதற்காக, அன்று கூவிய அதே பிள்ளைகள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் கூச்சப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டான். “அப்போ, எங்களுக்குத் தெரிகிற சிவப்பு இவனுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அதற்கு என்னிடம் விடையில்லை. அவனிடமே கேட்டாள். “உனக்குத் தெரிகிறது எப்படியென்று நீ முதலில் சொல்” என்றான்.

கேரம் பலகையின் சிவப்புக் காயைப் பிள்ளைகள் ‘ரெட்’ என்பார்கள். அதன் நடுவே வெள்ளை வண்ணத்தில் ஒரு புள்ளி வைத்ததும் அவன்தான். ஹஜ்ஜுப் பெருநாளன்று மக்ரிபுக்குச் சற்று முன், சங்கரன்பந்தலிலிருந்து புதிதாக வந்திருந்த பெரிய பையன் ஒருவன் பலகையின் மீது குனிந்து, “ரெட் எங்கே? காணோமே” என்று தேடினான். கறுப்புக் காய்களுக்கு நடுவே இவன் விரலை நீட்டிக் காட்டினான்.